செயினைப் பறித்தது திருடன் அல்ல, 20-ந் தேதி!
வடசென்னையில் ஒரு பொய்ப் புகார்: போலீசாரைத் திடுக்கிட வைத்த வரவு-செலவு நோட்டு

சென்னை:-

"பைக்கில் வந்த 2 பேர் கழுத்தில் கிடந்த 2 பவுன் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று அலறியபடி ஒரு பெண் போலீஸ் நிலையத்துக்கு ஓடி வந்தார்.

வடசென்னையில் சில மாதங்களுக்கு முன் நடந்த சம்பவம் இது.

பெண்ணுக்கு வயது 34. துணிக்கடையில் விற்பனைப் பெண். கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். 2 பிள்ளைகள். வாடகை வீடு.

போலீசார் உடனே கிளம்பினார்கள். தெரு முனையில் இருந்த கண்காணிப்பு கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்ன நேரத்தில் அந்தத் தெருவில் பைக்கே வரவில்லை. ஒரு தள்ளுவண்டியும் 2 நாய்களும்தான் வந்தன.

அடுத்த தெரு கேமராவையும் பார்த்தார்கள். அதில் அந்தப் பெண் நிதானமாக நடந்து வருவது தெரிந்தது. கழுத்தில் செயின் இல்லை. அவசரமும் இல்லை.

பெண் சப்-இன்ஸ்பெக்டர் அவரைத் தனியே அழைத்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். "ஏம்மா, நிஜத்தைச் சொல்லு. செயின் எங்கே?" என்று கேட்டார்.

5 நிமிடம் பேச்சே இல்லை. பிறகு பொலபொலவென்று அழுதார்.

"அடகுக் கடையில இருக்கு மேடம். நானேதான் வெச்சேன். அவருக்குத் தெரியாது. நாத்தனார் வளைகாப்புக்கு செயினைப் போட்டுக்கிட்டு வான்னாரு. என்ன பண்றதுன்னு தெரியல" என்றார்.

பொய்ப் புகார் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் போலீசார் இரக்கப்பட்டு எச்சரித்து அனுப்பினார்கள். வழக்கு இல்லை. கேஸ் முடிந்தது.

ஆனால் இந்த நிருபருக்கு முடியவில்லை. அந்தப் பெண்ணின் கைப்பையில் ஒரு 80 பக்க நோட்டு இருந்தது. வீட்டு வரவு-செலவு நோட்டு. ஒவ்வொரு மாதமும் 1-ந் தேதி முதல் ஒழுங்காகக் கணக்கு எழுதியிருந்தார். ஊதாரித்தனம் எதுவும் இல்லை. கணக்கு எழுதும் குடும்பத்திலேயே செயின் எப்படி அடகுக்குப் போனது?

அவர் சம்மதத்துடன் நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். பெயரும் தெருவும் இங்கே தேவை இல்லை. கணக்கு மட்டும் போதும்.

வரவு 28 ஆயிரம்

கணவர் சம்பளம் 17,000 ரூபாய். மனைவி சம்பளம் 10,000. மகளிர் உரிமைத் தொகை 1,000. (இந்தத் தொகை தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது.) ஆக மொத்தம் 28,000.

செலவு வருமாறு:-

வீட்டு வாடகை 8,000. கரண்ட் 900. தண்ணீர் கேன் 350. மளிகை 4,000. காய்கறி, மீன், கறி 3,000. பால் 1,200. கேஸ் 950. டியூஷன் 1,000. பெட்ரோல், பஸ் 1,800. 2 செல்போன் ரீசார்ஜ் 600. வெளியே டீ, டிபன் 1,500. மருந்து 500.

கூட்டினால் 23,800 ரூபாய்.

28,000-ல் 23,800 போனால் மீதி 4,200 இருக்க வேண்டும். நோட்டின் அடியில் அவரே "மீதி 4,200" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

ஆனால் கையில் 420 ரூபாய்கூட இல்லை. எங்கே போனது?

குடித்துவிட்டாரா?

இந்தக் கதையைச் சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "புருஷன் குடிக்கிறானா?" என்பதுதான்.

கேள்வியில் தப்பு இல்லை. 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட விலைப்படி, டாஸ்மாக் கடையில் சாதாரண ரக குவாட்டர் 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் 30 நாளைக்கு 4,200. இந்த வீட்டில் காகிதத்தில் மிஞ்சுகிற தொகை எவ்வளவோ, அவ்வளவு! 2024-25-ம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. எத்தனை வீட்டு "மீதி" அதில் இருக்கிறதோ!

ஆனால் இவர் குடிக்கிறவர் இல்லை. ஏரியாவில் விசாரித்ததிலும் அப்படித்தான் சொன்னார்கள். சீட்டு ஆடுகிறவரும் இல்லை. செல்போனில் சூதாட்டமும் இல்லை.

அப்படியானால் ஓட்டை எங்கே?

நோட்டில் இல்லாத செலவு

நோட்டில் ஒரே ஒரு குறைதான். அதில் "மாதம்" மட்டும் இருந்தது. "வருஷம்" இல்லை.

ஜூன் மாதம் பெரிய பிள்ளையின் பள்ளிக் கட்டணம், புத்தகம், யூனிபாரம் 22,000 ரூபாய். சின்னவன் அரசுப் பள்ளி, அதனால் தப்பித்தது. தீபாவளி 12,000. பொங்கல் 4,000. கல்யாணம், காது குத்து, மொய் என்று வருஷத்துக்கு 8,000. பைக் இன்சூரன்ஸ், ரிப்பேர் 4,000. மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிச் செலவு 4,000.

இவை எதுவும் மாதக் கணக்கில் வராது. "அது அப்ப பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிற செலவுகள். கூட்டிப் பாருங்கள். 54,000 ரூபாய்! 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4,500.

மீதி 4,200 என்று அடிக்கோடு போட்டாரே, அது மீதியே இல்லை. ஜூனுக்கும் தீபாவளிக்கும் சேர வேண்டிய பணம். அதையும் கொடுத்தால் மாதம் 300 ரூபாய் துண்டு விழுகிறது.

வெறும் 300 ரூபாய்! நாளைக்குப் பத்து ரூபாய். ஒரு டீ காசு. இந்தப் பத்து ரூபாய்தான் கடைசியில் 2 பவுன் செயினை இழுத்துக்கொண்டு போனது. எப்படி என்று பாருங்கள்.

ஜூன் மாதம் வந்தது

பள்ளியில் 22,000 கட்ட வேண்டும். கையில் இருந்தது 5,000. தேவை 17,000.

தெருவுக்கு வரும் தண்டல்காரரிடம் கேட்டார். அன்று மாலையே பணம் வந்தது. ஜாமீன் இல்லை. பத்திரம் இல்லை. ஒரு சின்ன அட்டை மட்டும்.

10,000 ரூபாய் தண்டல் என்றால் முன்னாலேயே 1,500 பிடித்துக்கொள்வார்கள். கைக்கு வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இவர் 2 தண்டல் வாங்கினார். கைக்கு வந்தது சரியாக 17,000.

"நூறு ரூபா தானே, கட்டிடலாம்னு நெனச்சேன் சார்" என்கிறார் அவர்.

இங்கேதான் ஏமாந்து போகிறோம். 10,000-க்கு 1,500 என்றால் நூற்றுக்கு 15 வட்டி என்று தோன்றும். அது கணக்கே இல்லை. கைக்கு வந்தது 8,500தான். அதையும் மறுநாளிலிருந்தே திருப்பித் தருகிறோம். 50-வது நாளில் பாதியை அடைத்தாகிவிட்டது. ஆனால் வட்டி முழுப் பணத்துக்கும் 100 நாளைக்கும் முன்கூட்டியே போய்விட்டது. இதை வருஷ வட்டியாகப் போட்டால் நூற்றுக்கு சுமார் 120 ரூபாய் வருகிறது!

2 தண்டலுக்கும் தினம் 200 ரூபாய். மாதம் 6,000. வீட்டில் இருந்த "மீதி" 4,200. முதல் மாதமே 1,800 துண்டு. பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று. ஜூலையிலும் அதே. ஆக 3,600.

ஆகஸ்டில் 60 நாள் முடிந்தது. தண்டல்காரர் நல்லவர் மாதிரி ஒரு யோசனை சொன்னார். "ஒரு அட்டையைப் புதுப்பிச்சுக்கம்மா". புது 10,000-ல் வட்டி 1,500, பழைய பாக்கி 4,000 பிடித்தம் போக கைக்கு வந்தது 4,500. அதில் 3,600 பக்கத்து வீட்டுக்குப் போனது. மிச்சம் 900. ஆனால் கட்ட வேண்டிய 100 நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்!

தீபாவளி வந்தது. கூடவே பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு கல்யாண மொய். குரூப் லோன் 20,000 வாங்கினார். வாரம் 430 வீதம் 52 வாரம். 4 வெள்ளிக்கிழமை வரும் மாதம் 1,720. 5 வெள்ளி வந்துவிட்டால் 2,150. சம்பளம் மட்டும் 5 வெள்ளி வந்தாலும் ஒரே சம்பளம்தான்.

பொங்கலுக்கு மறுபடி ஒரு தண்டல். பிப்ரவரியில் 10 நாள் தொடர்ந்து கட்ட முடியவில்லை. காலை 7 மணிக்கு வாசலில் பைக் வந்து நின்றது. சத்தம் போட்டால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். கணவருக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் செயின் அடகுக் கடைக்குப் போனது.

ஜூன் முதல் பிப்ரவரி வரை 4 தண்டல் அட்டைக்கு அவர் கொடுத்த வட்டி மட்டும் 6,000 ரூபாய். மாதம் 300 வீதம் வருஷம் முழுக்க விழுந்த துண்டு 3,600தான். 3,600 ரூபாய் ஓட்டையை அடைக்க எட்டே மாதத்தில் 6,000 வட்டி!

அந்தப் பத்து நாள்

நோட்டின் பக்கங்களில் தேதியைக் கவனித்தோம். ஒவ்வொரு கடனும், ஒவ்வொரு கைமாற்றும் மாதத்தின் 20-ந் தேதிக்கு மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. 21, 23, 26, 22. பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கிய முதல் தண்டல் மட்டும்தான் விதிவிலக்கு.

காரணம் எளிது. சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. செலவு அப்படி வருவதில்லை.

பாலும் தண்டலும் தினக் கணக்கு. குரூப் லோன் வாரக் கணக்கு. செல்போன் ரீசார்ஜ் பெரும்பாலும் 28 நாள் கணக்கு. அதாவது வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை! கரண்ட் பில் 2 மாதக் கணக்கு. பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் வருஷக் கணக்கு.

இத்தனை காலண்டரும் ஒரே சம்பளத்தின் மீது வந்து விழுகின்றன. எல்லாம் சேர்ந்து விழுகிற மாதத்தில் 20-ந் தேதியோடு பர்ஸ் காலி. 20-க்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பத்து நாளில்தான் வட்டிக்காரர் பிழைக்கிறார். நம் வீட்டு காலண்டர் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கரண்டில் ஒரு குட்டிக் கொள்ளை

நோட்டில் கரண்ட் 900 என்று இருக்கிறதே, அதையும் கொஞ்சம் பாருங்கள்.

இவர்கள் மாதம் 100 யூனிட்தான் எரிக்கிறார்கள். வீட்டு உரிமையாளர் வைத்திருக்கும் சப்-மீட்டரில் யூனிட்டுக்கு 9 ரூபாய். 2 மாதத்துக்கு 200 யூனிட், 1,800 ரூபாய்.

இதே 200 யூனிட்டை சொந்த இணைப்பில் எரித்திருந்தால்? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி பார்த்தாலும் மொத்தப் பில் 300 ரூபாய்கூட வராது.

அரசு கொடுக்கும் இலவசம் வாடகைக்கு இருப்பவர் வீட்டுப் படி ஏறவில்லை. மாதத்துக்கு 750 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இந்த வீட்டில் விழும் துண்டு 300தான் என்பதை நினைவில் வையுங்கள். தனி இணைப்பு உள்ள வீட்டுக்குக் குடிபோனாலே ஓட்டை அடைபட்டிருக்கும். அடுத்த முறை வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். "மீட்டர் தனியா? யூனிட் எவ்வளவு?" என்றும் கேளுங்கள்.

சொந்த மீட்டர் உள்ளவர்களுக்கு வேறு ஒரு பொறி இருக்கிறது. 2 மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. அதற்குக் கீழே இருந்த யூனிட்டுகளில் கிடைத்த சலுகையும் போய்விடும். கோடையில் பில் ஏன் குதிக்கிறது என்று தலையைச் சொறிபவர்களுக்கு இதுதான் பதில்.

அரிசி செலவா, டீ செலவா?

மத்திய அரசு 2023-24-ம் ஆண்டுக்கு எடுத்த வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில், நாட்டின் நகர்ப்புறங்களில் ஓர் ஆளுக்கு மாதம் சராசரியாக 6,996 ரூபாய் செலவாகிறது என்று தெரிய வந்தது. அதில் சாப்பாட்டுக்குப் போவது 100-க்கு 40 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு 100-க்கு சுமார் 4 ரூபாய்தான். ஆனால் டீ, காபி, நொறுக்குத் தீனி, வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த கணக்கு 100-க்கு சுமார் 11 ரூபாய்!

நம் பாட்டி காலத்தில் வீட்டுக் கணக்கு என்றால் அரிசிக் கணக்கு. இன்று ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்ற மானிய விலை பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அடுப்படிச் செலவில் அரசு கை கொடுத்திருக்கிறது.

இப்போது குடும்பத்தைக் கவிழ்ப்பது அடுப்படி இல்லை. வாடகை, படிப்பு, ஆஸ்பத்திரி, வட்டி. இந்த நான்குதான். அரிசியில் ஒரு படி மிச்சம் பிடித்து இவற்றைச் சமாளிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று எல்லாப் பெயரையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில், கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம், 2 பச்சைக் குழந்தைகளோடு உயிரை விட்டது. நாடே பதறியது. 2025-ல் கடன் வசூலில் மிரட்டல், அடாவடியைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டசபையில் தனிச் சட்டமே நிறைவேறியது.

சட்டம் இருக்கிறது. ஆனால் நம் கதையில் வரும் பெண் போலீஸ் நிலையம் போனது தண்டல்காரர் மீது புகார் கொடுக்க அல்ல. இல்லாத திருடன் மீது புகார் கொடுக்க! வாசலில் வந்து மிரட்டியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்கு ஆத்திர அவசரத்துக்கு யார் சார் குடுப்பாங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

குரூப் லோனுக்கும் விதி உண்டு. ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது.

நல்ல விதிதான். ஆனால் இந்த வீட்டுக்குப் பாதி என்றால் 14,000 ரூபாய். இவர்களால் உண்மையில் கட்ட முடிந்த தொகை எவ்வளவு? பூஜ்யத்துக்கும் கீழே 300! ஆக, "லோன் கிடைக்குது" என்பதும் "லோன் கட்ட முடியும்" என்பதும் வேறு வேறு. முதலாவதை நிறுவனம் சொல்லும். இரண்டாவதை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

செல்போன் ஆப் கடன் இதைவிட மோசம். 2021 ஜனவரியில் சென்னை மத்திய குற்றப் பிரிவு போலீசார் பெங்களூருவில் சோதனை நடத்தி, சீன நாட்டினர் உள்பட ஒரு கும்பலைக் கைது செய்தது நினைவிருக்கலாம். கடன் வாங்கியவரின் போனில் உள்ள நம்பர்களுக்கெல்லாம் பேசி மானத்தை வாங்குவதுதான் இந்தக் கும்பல்களின் வேலை. மிரட்டல் வந்தால் மறைக்காதீர்கள். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

மறைத்ததுதான் பெரிய வட்டி

ஜூன் மாதம் தேவைப்பட்ட 17,000 ரூபாய்க்கு அதே செயினை வங்கியில் அடகு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வட்டி நூற்றுக்கு 12 என்று வைத்துக்கொண்டாலும், வருஷம் முழுவதற்கும் 2,040 ரூபாய். தண்டலுக்கு எட்டு மாதத்தில் போனது 6,000.

ஏன் வைக்கவில்லை?

"கழுத்துல இல்லன்னா அவருக்குத் தெரிஞ்சிடுமே சார்" என்றார்.

தெரியாமல் இருக்கத் தண்டல் வாங்கினார். அந்தத் தண்டலை அடைக்கக் கடைசியில் செயினையே வைத்தார். அதை மறைக்கப் போலீஸ் நிலையம் வரை வந்தார். மறைத்ததற்கு அவர் கொடுத்த விலை எந்த வட்டியையும்விடப் பெரியது.

கணவரும் ஒன்றும் அரக்கன் இல்லை. செய்தி கேட்டு ஸ்டேஷனுக்கு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னா நீ ராத்திரி டூட்டியும் சேத்துப் பாக்கறேன்னு வண்டி எடுப்ப. தூக்கக் கலக்கத்துல எங்கியாவது..." என்று அவர் முடிப்பதற்குள் ஏட்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நிமிடம் கழித்துக் கணவர் ஒரு விஷயம் சொன்னார். அவரும் கம்பெனியில் 6,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். மாதம் 500 பிடிக்கிறார்கள். மனைவிக்குத் தெரியாது. "ஓட்டி (ஓவர்டைம்) போட்டு சரிக்கட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஒரே வீட்டில் 2 ரகசியக் கணக்கு!

என்ன செய்யலாம்?

பெரிய பாடம் எதுவும் வேண்டாம். இந்த வீட்டு நோட்டிலிருந்தே 5 விஷயம் எடுத்துக்கொள்ளலாம்.

1. நோட்டின் முதல் பக்கத்தில் வருஷச் செலவை எழுதுங்கள். பள்ளி, பண்டிகை, மொய், வண்டி, ஆஸ்பத்திரி. கூட்டி 12-ஆல் வகுத்து, வாடகையைப் போல அதையும் ஒரு மாதச் செலவாகப் போடுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் மீதி.

2. அந்தப் பணத்தை வீட்டு டப்பாவில் வைத்தால் 20-ந் தேதி கை நீளும். வங்கியில் ஒரு வருஷ ரெக்கரிங் டெபாசிட் போடுங்கள். மே மாதம் முதிர்கிற மாதிரி தொடங்கினால் ஜூன் வரும்போது யார் வாசலுக்கும் போக வேண்டாம். சீட்டுதான் போடுவேன் என்றால், 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேட்டுப் போடுங்கள். தெரிந்தவர் பிடிக்கிற தீபாவளிச் சீட்டு, தீபாவளிக்கு முதல் வாரம் காணாமல் போன கதைகளை இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை படித்திருக்கிறீர்கள்!

3. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், "தினம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கைக்கு எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டணும், எத்தனை நாளில்?" என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வங்கி, கூட்டுறவு வங்கி. அடுத்தது மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தக் குழுக்களில் சுற்றுவது உறுப்பினர்கள் சேர்த்த பணம். வட்டியும் குழுவுக்கே வருகிறது. வாரா வாரம் வசூலுக்கு ஆள் வரும் கம்பெனி குரூப் லோன் வேறு, இது வேறு. இரண்டையும் "குழு" என்றே சொல்லிக் குழம்பாதீர்கள்.

4. கடனை அடைக்கக் கடன் வாங்கினால், புதுக் கடனின் வட்டி பழையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். "அட்டையைப் புதுப்பிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

5. மாதம் ஒரு நாள், சம்பளத்துக்கு மறுநாள், கணவனும் மனைவியும் நோட்டை நடுவில் வைத்து உட்காருங்கள். வாங்கிய கைமாற்று, அட்வான்ஸ் எல்லாம் அதில் வந்தாக வேண்டும். சண்டை வரலாம். வரட்டும். வீட்டில் வரும் சண்டைக்கு வட்டி கிடையாது.

இந்த நிருபரின் வீட்டிலும் பால் கணக்கு காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இந்தக் கேசுக்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது எப்படி?

கடந்த வாரம் அந்தக் குடும்பத்தைப் பார்த்தோம்.

குரூப் லோன் இன்னும் ஓடுகிறது. தண்டல் அட்டை முடிந்துவிட்டது. புதுசு வாங்கவில்லை. கணவர் வெளியே டிபன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு டப்பா கட்டிக்கொண்டு போகிறார். மீட்டர் தனியாக உள்ள வீடு தேடுகிறார்கள்.

வளைகாப்புக்கு அந்தப் பெண் மஞ்சள் கயிறோடுதான் போனார். "செயின் எங்கே?" என்று 2 பேர் கேட்டார்களாம். "அடகுல இருக்கு, வந்துடும்" என்று கணவரே பதில் சொல்லியிருக்கிறார்.

செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மீட்க இன்னும் 8 மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேலே பெரிய எழுத்தில் "ஜூன் - 22,000" என்று எழுதியிருக்கிறது.

உங்கள் வீட்டு நோட்டில் ஜூன் மாதம் இருக்கிறதா? இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.